சிவப்பு அட்டை விழுந்ததும் எதிரணிமீது கட்டினால் லாபமா? பழைய டேட்டாவில் சோதித்தது சரியா?

ஹட்டன்_மூடுபனி

எல்லோருக்கும் வணக்கம். காசு எதுவும் போடாமல், உதைபந்தாட்ட பெட்டிங் உத்தி ஒன்றைப் பழைய போட்டிகளில் சோதித்துப் பார்க்கிறேன். உத்தி இதுதான்: ஓர் அணிக்குச் சிவப்பு அட்டை விழுந்தால் மற்ற அணி வெல்லும் என்று கட்டுவது.

செய்தது: ஃபுட்பால்-டேட்டா தளத்திலிருந்து இங்கிலாந்து பிரீமியர் லீக்கின் ஐந்து சீசன் சிஎஸ்வி கோப்புகளை இறக்கி எக்செல்லில் ஒன்றாகச் சேர்த்தேன். மொத்தம் 1,900 போட்டி. அதில் எச்ஆர், ஏஆர் என்று இரண்டு நிரல்கள் உண்டு. முதலாவது சொந்த மைதான அணியின் சிவப்பு அட்டைகள், இரண்டாவது வந்து ஆடும் அணியினது. ஏஆர் 1, எச்ஆர் 0 என்று வடிகட்டி, அந்தப் போட்டிகள் எல்லாவற்றிலும் சொந்த அணிமீது பெட்365 என்ற பந்தய நிறுவனத்தின் விலையில் (ஒரு ரூபா கட்டி வென்றால் திரும்பக் கிடைக்கும் தொகை) 100 ரூபா கட்டியதாகக் கணக்குப் போட்டேன். மறுபக்கத்துக்கும் அப்படியே. கூட்டிப் பார்த்தால் மலைக்க வைக்கிற லாபம். இவ்வளவு சுலபமாக இருந்தால் ஊரே பணக்காரர் ஆகியிருக்கும், அதனால்தான் சந்தேகம். எங்கே பிழை விட்டேன்?

இன்னும் மூன்று கேள்வி. அட்டை விழுந்த நிமிடம் இந்தக் கோப்பில் இல்லை, எங்கே எடுக்கலாம்? எத்தனை போட்டி இருந்தால் முடிவை நம்பலாம்? இரண்டரை கோலுக்கு மேலா கீழா என்ற பந்தயத்துக்கும் இதே முறை சரிவருமா?

கண்டி_கணக்கு

உங்கள் எக்செல் சூத்திரத்தில் குறை இல்லை தம்பி. கட்டிய நேரத்தைப் பாருங்கள். பெட்365 நிரலில் இருப்பது ஆட்டம் தொடங்கும் முன் இருந்த விலை. அட்டை விழுந்தது ஆட்டத்துக்கு நடுவில். 65ஆம் நிமிடத்தில் தெரியவந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு, முதல் விசிலுக்கு முந்திய விலையில் கட்டியிருக்கிறீர்கள். லொத்தர் இலக்கம் அறிவித்த பிறகு டிக்கெட் வாங்குவது மாதிரி. அந்த லாபம் முழுவதையும் அழித்துவிடுங்கள், அதில் மிஞ்சுவதற்கு ஒன்றும் இல்லை.

இரண்டாவது சிக்கல் இன்னும் நுணுக்கமானது. அட்டையால் தோற்றார்களா, தோற்றுக்கொண்டிருந்ததால் அட்டை வாங்கினார்களா? இரண்டு கோல் பின்தங்கிய அணி 88ஆம் நிமிடத்தில் எரிச்சலில் காலை வாரிவிட்டால், அதுவும் உங்கள் கோப்பில் ஏஆர் 1 என்றுதான் பதிவாகும். அந்த ஆட்டம் அதற்கு முன்பே முடிந்த கதை. பலவீனமான அணி அதிக நேரம் தடுத்தே ஆடுகிறது, அதனால் அதிகம் ஃபவுல் செய்கிறது, அட்டையும் அதற்கே அதிகம் வருகிறது. ஆகவே அட்டை வாங்கிய அணிகளின் தோல்வி வீதத்தை எல்லா அணிகளின் தோல்வி வீதத்தோடு ஒப்பிடுவது அர்த்தமில்லாதது. ஒவ்வொரு அட்டைக்கும் நான்கு விவரம் வேண்டும்: நிமிடம், அந்த நிமிடத்தில் கோல் நிலை, யாருடைய மைதானம், ஆட்டத்துக்கு முன் இரு அணிகளின் பலம். இந்த நான்கும் இல்லாத வரிசையைச் சோதனையில் சேர்க்க வேண்டாம்.

மனதில் நிற்கும் ஆட்டங்களை வைத்தும் முடிவு கட்டக்கூடாது. 2019 அக்டோபரில் சவுத்ஹாம்ப்டனின் பெர்ட்ரண்ட் 12ஆம் நிமிடத்தில் வெளியேற, லெஸ்டர் 9–0 என்று அடித்தது. 2021 பெப்ரவரியில் அதே சவுத்ஹாம்ப்டனின் ஜான்கெவிட்ஸ் 2ஆம் நிமிடத்திலேயே வெளியேறி, மான்செஸ்டர் யுனைட்டடிடமும் 9–0. இதைப் பார்த்தவர்கள் பத்துப் பேர் என்றாலே அணி செத்தது என்பார்கள். 2010 சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியில் இன்டர் மிலானின் மொட்டா 28ஆம் நிமிடத்தில் போன பிறகு, சொந்த மைதானத்தில் ஆடிய பார்சிலோனாவால் ஒரே ஒரு கோல்தான் போட முடிந்தது. இறுதிக்குப் போனது இன்டர். 2012இல் அதே மைதானத்தில் செல்சியின் டெரி 37ஆம் நிமிடத்தில் போனார், ஆட்டம் 2–2. 2024 செப்டம்பரில் மான்செஸ்டர் சிட்டி மைதானத்தில் 2–1 என்று முன்னணியில் இருந்த ஆர்சனலின் ட்ரொசார்ட் முதல் பாதியின் கூடுதல் நேரத்தில் வெளியேற, சிட்டிக்குச் சமன் செய்யும் கோல் 98ஆம் நிமிடத்தில்தான் கிடைத்தது. இரண்டு பக்கமும் உதாரணம் வேண்டிய அளவு உண்டு, உதாரணம் சோதனையாகாது.

ஹட்டன்_மூடுபனி

விளங்கியது அண்ணே, நன்றி. அப்படியென்றால் அட்டை விழுந்த பிறகு இருந்த விலை வேண்டும், நிமிடமும் வேண்டும். இரண்டும் இலவசமாகக் கிடைக்குமா? இங்கே மாலையானால் சிக்னல் இரண்டு கோடுதான், பெரிய கோப்பு இறக்குவதென்றால் இரவு டேட்டாவுக்குக் காத்திருக்க வேண்டும்.

தலவாக்கலை_லயம்4

நிமிடத்துக்கு ஸ்டாட்ஸ்பாம் நிறுவனத்தின் திறந்த டேட்டா இருக்குங்க, கிட்ஹப்பில் இலவசம். 2018, 2022 உலகக் கிண்ணம், 2024 யூரோ, அதோட 2015–16 சீசன் ஐரோப்பாவின் ஐந்து பெரிய லீக்கும் இருக்கு. அந்த ஒரு சீசனே 1,800க்கு மேல போட்டி. ஆனா மொத்தக் கிடங்கையும் இறக்கப் போயிடாதீங்க, பல ஜிபி போயிடும். ஒரு போட்டியோட நிகழ்வுக் கோப்பே கிட்டத்தட்ட 3 எம்பி வரும்.

குறுக்கு வழி ஒன்னு இருக்கு. முதல்ல லைன்அப் (ஆட்டக்காரர் பட்டியல்) கோப்புகளை மட்டும் இறக்குங்க. அது சின்னது, கேபி கணக்குதான். அதுக்குள்ள ஒவ்வொரு வீரர் பெயருக்குக் கீழயும் அட்டை வகை, நேரம், எந்தப் பாதி என்று இருக்கும். நேரடிச் சிவப்பு, இரண்டாவது மஞ்சள் ரெண்டையும் தனித்தனியா எழுதியிருப்பாங்க, ரெண்டையும் தேடணும். முதல் வகையை மட்டும் தேடினா பாதிப் பேரைத் தவற விட்டுடுவீங்க. அட்டை விழுந்த போட்டிகளோட எண்ணை எடுத்துக்கிட்டு, அதுகளுக்கு மட்டும் நிகழ்வுக் கோப்பை இறக்கினா போதும். கோல் நிமிடம் அதுல கிடைக்கும்.

இறக்கினதும் இவங்களைக் கழிச்சு விடுங்க: மாற்று ஆட்டக்காரர் பெஞ்சில உட்கார்ந்து வாங்கின அட்டை, வெளியே எடுக்கப்பட்ட பிறகு வாங்கினது, பயிற்சியாளர் வாங்கினது, கடைசி விசிலுக்குப் பிறகு வாங்கினது. இதுல எதுலயும் மைதானத்துல ஆள் குறையாது. 2019க்குப் பிறகு பயிற்சியாளருக்கும் அட்டை காட்டறாங்க, இதை மறந்தவங்க நிறைய.

இப்போ கணக்கு. ஒரே ஒரு உதாரணத்தை முழுசாப் போட்டுக் காட்டறேன், மீதியை நீங்களே ஓட்டிக்குவீங்க.

ஆட்டத்துக்கு முன் விலை: சொந்த அணி 2.05, சமநிலை 3.70, எதிரணி 3.40 என்று வைங்க. ஒன்றை ஒவ்வொன்னாலயும் வகுத்தா 0.488, 0.270, 0.294. கூட்டினா 1.052. அந்த 0.052தான் புக்கியோட (பந்தயம் ஏற்கிறவனோட) மார்ஜின், அதாவது அவன் லாபப் பங்கு. ஒவ்வொன்னையும் 1.052ஆல வகுத்தா 46.4, 25.7, 27.9 சதவீதம். எக்செல்லில் பொய்சான் ஃபங்ஷன் (கோல் சராசரியை வைத்து 0, 1, 2 கோல் விழும் வாய்ப்பைத் தரும் சூத்திரம்) போட்டு, எந்த ரெண்டு கோல் சராசரி இந்த மூன்று சதவீதத்தையும் தருது என்று சால்வர்கிட்ட (விடைக்கு ஏத்த எண்ணைத் தேடித் தரும் எக்செல் கருவி) கேளுங்க. சொந்த அணிக்கு 1.5, எதிரணிக்கு 1.1 என்று வரும்.

30ஆம் நிமிடம், 0–0, எதிரணிக்குச் சிவப்பு. மீதி 60 நிமிடம்தானே என்று மூன்றில் இரண்டு போட்டுடாதீங்க. கோல்கள் முதல் பாதியில் சுமார் 45 சதவீதமும் இரண்டாம் பாதியில் 55 சதவீதமும் விழும், கூடுதல் நேரமும் அதுலதான் சேருது. அந்தக் கணக்கில் 30க்குப் பிறகு மீதி 70 சதவீதம். அட்டையே விழலைன்னா மீதிக்கு சொந்த அணி 1.05, எதிரணி 0.77. அதுல சொந்த அணி வெற்றி வாய்ப்பு 41.5 சதவீதம், நியாய விலை (ஒன்றை 0.415ஆல வகுத்தது) 2.41.

இனித்தான் அட்டையோட பெருக்கி, அதாவது அட்டை விழுந்ததும் கோல் வேகம் எத்தனை மடங்காகுதுங்கற எண். இதுல பிரசித்தமான ஆய்வு ரெண்டு இருக்கு, ரெண்டும் ஒத்துப் போகலை. 1994இல் ரிடர், கிராமர், ஹொப்ஸ்டாக்கன் மூன்று பேரும் நெதர்லாந்துப் போட்டிகளை வைத்துச் சொன்னது: 11 பேர் அணி கோல் போடும் வேகம் 1.88 மடங்காகுது, 10 பேர் அணிக்கு 0.95, அதாவது கிட்டத்தட்ட மாறலை. 2009இல் வெச்செரும் கூட இருந்தவங்களும் 2006 உலகக் கிண்ணம், 2008 யூரோ ஆட்டங்களின்போது ஓடின பந்தய விலையிலிருந்து எடுத்தது: 11 பேர் அணிக்கு ஐந்தில் நான்கு கீழ, அதாவது 1.25 மடங்கு, 10 பேர் அணிக்கு மூன்றில் இரண்டு.

நம்ம உதாரணத்தில் 1.25, 0.67 போட்டா மீதிக்கு 1.31, 0.52. சொந்த அணி வெற்றி 56 சதவீதம், நியாய விலை 1.78. 1.88, 0.95 போட்டா 1.97, 0.73. வெற்றி 67 சதவீதம், நியாய விலை 1.50. அந்த நேரம் மார்க்கெட்டில் 1.65 ஓடுதுன்னு வைங்க. நியாய விலை 1.50 சொல்ற ஆய்வைப் பிடிச்சா அது கொள்ளை மலிவு, கட்டணும். மற்றதைப் பிடிச்சா 1.78 தர வேண்டிய இடத்தில் 1.65தான் தர்றான், எதிர்த்துக் கட்டணும். உங்க உத்தியோட முழு உயிரும் அந்தப் பெருக்கியில்தான் இருக்கு.

கண்டி_கணக்கு

தலவாக்கலைத் தம்பி சொன்னதில் ஒரு பொறி இருக்கிறது, சேர்த்துவிடுகிறேன். இரண்டாவது ஆய்வின் பெருக்கி பந்தய விலையிலிருந்தே பிழிந்து எடுத்தது. மார்க்கெட் என்ன நினைத்தது என்பதைத்தான் அது சொல்கிறது. அதை எடுத்து நியாய விலை கணித்து, அதே மார்க்கெட்டை வெல்லப் பார்த்தால் கண்ணாடியோடு சண்டை போடுவது போல. விலை சரியாக இருக்கிறது என்ற விடைதான் திரும்பத் திரும்ப வரும். மார்க்கெட்டோடு மோத வேண்டுமானால், பெருக்கி உண்மையில் விழுந்த கோல்களிலிருந்து வர வேண்டும். முதல் ஆய்வு அப்படிப்பட்டது, ஆனால் அது முப்பது வருடப் பழசு, ஒரே நாடு.

ஐந்தில் நான்கு என்று எழுதியது நாலில் ஐந்து என்று இருக்க வேண்டும். 1.25 என்ற எண் சரி.

தலவாக்கலை_லயம்4

ஆமாண்ணே, அவசரத்தில் தலைகீழாப் போயிடுச்சு. நாலில் ஐந்துதான்.

மேல்/கீழ் பந்தயம் பற்றிக் கேட்டிருந்தாரே, அதையும் இதே எண்ணில் பாருங்க. அட்டை இல்லைன்னா மீதிக்கு மொத்தம் 1.82 கோல். 1.25, 0.67 பெருக்கியில் 1.83. ஒன்றுமே மாறலை! ஒரு பக்கம் கூடினது மறுபக்கம் குறைஞ்சதோட சரியாப் போச்சு. 1.88, 0.95இல் 2.70. இரண்டரைக்கு மேல் போக வாய்ப்பு முதல் கணக்கில் 28 சதவீதம், அடுத்ததில் 51. அட்டை விழுந்தா கோல் மழைதான்னு கண்ணை மூடிக்கிட்டு மேலே கட்டறவங்க இதைப் பார்த்துட்டுக் கட்டட்டும். எந்த அணிக்கு அட்டை விழுந்ததுங்கறதும் முக்கியம். பலமான அணி ஆள் இழந்தா பெரிய எண் சுருங்கி சின்ன எண் வளருது, மொத்தம் குறையவே வாய்ப்பு உண்டு.

பண்டாரவளை_5_30

விலை டேட்டா பற்றி.

பெட்ஃபேர் எக்ஸ்சேஞ்ச் (ஆட்கள் ஒருவரோடொருவர் பந்தயம் கட்டும் சந்தை) பழைய விலைகளை வெளியிடுகிறது. அடிப்படைத் திட்டம் இலவசம், நிமிடத்துக்கு ஒரு விலை. அதற்கு மேல் உள்ள இரண்டும் காசு: ஒன்றில் வினாடிக்கு ஒன்று, மற்றதில் அதைவிட நுண்ணியது. இறக்குவதற்கு அவர்களிடம் கணக்கு வேண்டும். கணக்கு இல்லாதவர்கள் இந்தப் பகுதியை விட்டுவிட்டுப் பெருக்கியை மட்டும் அளக்கலாம். அதுவே பாதி வேலை.

கோப்பைத் திறந்தால் எங்கேயும் சிவப்பு அட்டை என்று எழுதியிருக்காது. கோல், பெனால்டி, சிவப்பு அட்டை எதுவானாலும் மார்க்கெட் நிறுத்தப்படும், நிலை நிரல் அதைக் காட்டும். நிறுத்தத்தை நிகழ்வோடு நீங்கள்தான் பொருத்த வேண்டும். இங்கேதான் முக்கால்வாசிப் பேர் வழுக்குகிறார்கள்.

நேர முத்திரை யூடிசி (உலகப் பொது நேரம்). நமக்கு 5 மணி 30 நிமிடம் கூட்ட வேண்டும். பிரித்தானியாவில் மார்ச் கடைசி ஞாயிறு முதல் ஒக்டோபர் கடைசி ஞாயிறு வரை ஒரு மணி முன்னால் இருப்பார்கள். மாலை 3 மணி ஆட்டம் நமக்கு ஒகஸ்டில் இரவு 7.30, டிசம்பரில் 8.30. ஒரே நிலையான வித்தியாசத்தைப் போட்டால் சீசனில் ஒரு பங்கு ஆட்டங்களில் அட்டை ஒரு மணி நேரம் தள்ளி விழும். கணினி பிழை காட்டாது, சிரித்துக்கொண்டே தவறான லாபத்தைத் தரும். எல்லாவற்றையும் யூடிசியில் வைத்தே வேலை செய்யுங்கள், கடைசியில் மாற்றிக்கொள்ளலாம்.

ஆட்ட நிமிடமும் கடிகார நிமிடமும் ஒன்றல்ல. இடைவேளை 15 நிமிடம், முதல் பாதிக் கூடுதல் நேரம் வேறு. 70ஆம் நிமிட அட்டை, தொடங்கியதிலிருந்து 87 முதல் 90 நிமிடத்தில் வரும். தொடக்கமும் அறிவித்த நேரத்துக்குச் சரியாக நடக்காது. மார்க்கெட் ஆட்டத்துக்குள் திரும்பிய கணத்தையும், கோல் நிறுத்தங்களையும் ஆணியாக வைத்து நடுவில் உள்ளதைச் சரிபார்க்க வேண்டும். கோல் நிமிடங்கள் நிறுத்தங்களோடு பொருந்தாத ஆட்டத்தைத் தூக்கி எறியுங்கள், வளைத்துப் பொருத்தாதீர்கள்.

எந்த விலையை எடுப்பது? நிறுத்தத்துக்கு முந்திய விலை கிடைக்காது. மார்க்கெட் திறந்த முதல் சில வினாடிகளின் விலையும் உங்களுக்குக் கிடைக்காது. ஆட்டத்தின்போது கட்டும் பந்தயத்தைப் பெட்ஃபேரே சில வினாடி தாமதித்துத்தான் ஏற்கும். அதற்கு மேல் ஒளிபரப்புத் தாமதம். இன்டர்நெட் ஸ்ட்ரீம் என்றால் அரை நிமிடம்வரை போகும். ஹட்டனில் நீங்கள் நடுவர் சட்டைப்பைக்குள் கை விடுவதைப் பார்க்கும்போது மார்க்கெட் ஏற்கெனவே நிறுத்தி, விலையை மாற்றித் திறந்தும் இருக்கும். ஆகவே சோதனையில் திறந்து முழுதாக இரண்டு நிமிடம் கழித்த விலையை எடுங்கள். அந்த இரண்டு நிமிடத்தில் கோல் விழுந்தால் அந்த ஆட்டத்தில் பந்தயம் இல்லை என்று எழுதுங்கள். பழைய விலையில் கட்டியதாக எழுதினால் மறுபடி முதல் பிழைதான்.

இலவசக் கோப்பில் இருப்பது கடைசியாகக் கைமாறிய விலை. 1.78 என்று இருந்தால், கட்ட நினைத்தவருக்கு 1.76ம் எதிர்த்துக் கட்ட நினைத்தவருக்கு 1.80மாக இருந்திருக்கலாம். இரண்டு புள்ளி உங்களுக்குப் பாதகமாகத் தள்ளி வைத்தே கணக்குப் போடுங்கள்.

தரகு: வென்ற தொகையில் 5 சதவீதம் என்று வையுங்கள். நியாய விலை 1.78 என்று உங்கள் கணக்கு சொன்னால், 1.78இல் கட்டுவது நட்டம். 0.95ஆல் பெருக்கிப் பார்த்தால் 1.83 கிடைத்தால்தான் தட்டுத் தடுமாறி லாபப் பக்கம் வரும். கொழுந்து நிறுக்கும்போது கூடைக்கும் ஈரத்துக்கும் கிலோ கழிப்பது போல, பறித்தது வேறு, சிட்டையில் ஏறுவது வேறு. கழிவை முதலிலேயே கழித்துவிட்டுச் சோதியுங்கள்.

இன்னொன்று. போட்டி முடிவுப் பந்தயம் 90 நிமிடத்தோடும் அதன் கூடுதல் நேரத்தோடும் தீர்ந்துவிடும். 2006 இறுதியில் சிடானின் அட்டை 110ஆம் நிமிடம், 2010 இறுதியில் ஹைட்டிங்காவினது 109. இரண்டும் நீட்டிப்பு நேரம், இந்தப் பந்தயத்துக்குச் சம்பந்தமே இல்லை. கிண்ணப் போட்டிகளின் கோப்பில் கடைசி ஸ்கோரை அப்படியே எடுத்தால் தப்பும்.

பதுளை_கடைசி_ரயில்

எத்தனை போட்டி வேண்டும் என்ற கேள்வியை எல்லாரும் கவனமாகத் தாண்டிப் போகிறீர்கள். கசப்பு மருந்து, நானே கொடுக்கிறேன்.

1.78 விலையில் 56 சதவீதம் வெல்லும் பந்தயம் ஒன்றின் ஏற்ற இறக்கம் (நியம விலகல்) ரூபாய்க்கு 88 சதம். 200 பந்தயம் வைத்துச் சராசரி எடுத்தால் அந்தச் சராசரியின் பிழை 6.2 சதவீதம். அதாவது உண்மையில் லாபமே இல்லாத உத்தி, வெறும் அதிர்ஷ்டத்தில் கூட்டியோ குறைத்தோ 12 சதவீதம் வரை காட்டலாம். 200 பந்தயத்தில் 8 சதவீத லாபம் என்று யாராவது படம் போட்டுக் காட்டினால் ரசித்துவிட்டுப் போங்கள்.

உண்மையான அனுகூலம் 3 சதவீதம் என்றால், அதைத் தற்செயலிலிருந்து பிரித்துப் பார்க்கச் சுமார் 3,500 பந்தயம் வேண்டும். பிரீமியர் லீக்கில் சமீப சீசன்களில் 30 முதல் 60 வரைதான் சிவப்பு அட்டைகள். கடைசி நேர அட்டை, பெஞ்ச் அட்டை, ஏற்கெனவே தீர்ந்த ஆட்டம் எல்லாம் போக 30 மிஞ்சும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் 3,500க்குச் சுமார் 117 சீசன் வேண்டும். லீக் தொடங்கியதே 1992இல்.

அதனால் லாபத்தை அளக்கப் போகாதீர்கள், பெருக்கியை அளங்கள். வென்றதா தோற்றதா என்பது ஒரு ஆட்டத்துக்கு ஒரே ஒரு விடை. கோல் எண்ணிக்கையில் அதைவிட அதிகச் செய்தி இருக்கிறது, அதற்கு ஆட்டத்தின் நடுவிலான விலையும் வேண்டாம். முறை: ஒவ்வொரு அட்டைக்கும், அட்டை இல்லாவிட்டால் 11 பேர் அணி மீதி நேரத்தில் எத்தனை கோல் போட்டிருக்கும் என்று தலவாக்கலைக்காரர் காட்டியபடி கணித்துக் கூட்டுங்கள். உண்மையில் போட்ட கோல்களைக் கூட்டுங்கள். இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் பெருக்கி. 300 அட்டை, சராசரியாக மீதிக்கு 0.5 கோல் எதிர்பார்ப்பு என்றால் கூட்டுத்தொகை 150. பெருக்கி 1.5 அளவில் வந்தால் அதன் பிழை 0.1. கூட்டிக் குறைத்து 0.2க்குள் நிற்கும். 1.25ஆ 1.88ஆ என்ற வழக்கைத் தீர்க்க அது தாராளம். ஃபுட்பால்-டேட்டா கோப்பிலிருந்து முன் விலை, வேறிடத்திலிருந்து நிமிடம் என்று பல லீக் சேர்த்தால் 300 எட்டாத எண் இல்லை.

கூடவே ஒரு பொய்ச் சோதனையும் செய்ய வேண்டும், இதை விட்டால் மற்றது வீண். அட்டையே விழாத ஆட்டங்களில், அதே நிமிடம், அதே கோல் நிலை, ஏறக்குறைய அதே முன் விலை உள்ளவற்றைத் தேடி எடுத்து, அங்கே அட்டை விழுந்ததாகப் பாவித்து அதே கணக்கை ஓட்டுங்கள். பெருக்கி 1.0 வர வேண்டும். 1.15 வந்தால் உங்கள் மீதி நேரக் கணக்கில் கோளாறு இருக்கிறது, அதே 0.15 உண்மையான சோதனையிலும் ஒளிந்திருக்கும். பின்தங்கிய அணி முன்னே ஏறி ஆடுவதால் கோல் நிலையே வேகத்தை மாற்றும். அந்தக் கசிவு பெரும்பாலும் இங்கேதான் பிடிபடும்.

விதிகளைத் தாளில் எழுதி, தேதி போட்ட பிறகே கணினியைத் தொடுங்கள். 30 நிமிடத்துக்கு முன், 40க்கு முன், சொந்த அணி மட்டும், சமநிலையில் மட்டும் என்று 20 விதமாக வெட்டிப் பார்த்தால், ஒன்றுமே இல்லாத டேட்டாவிலும் ஏதாவது ஒன்று 5 சதவீத வரம்பை (தற்செயலாக நூற்றில் ஐந்து தடவைதான் தாண்டக்கூடிய கோடு) தாண்ட 64 சதவீத வாய்ப்பு. பழைய சீசன்களில் பெருக்கியை அளந்து, தொடாமல் வைத்த புதிய சீசன்களில் ஒரே ஒரு தடவை சோதிக்க வேண்டும். இரண்டாம் தடவை தொட்டால் அது பழைய சீசன்தான்.

கண்டி_கணக்கு

பதுளைக்காரர் சொன்ன பழைய, புதிய சீசன் பிரிப்பில் சில வெட்டுக்கோடுகளைக் கவனியுங்கள். 2016இல் விதி மாறியது: பெனால்டிப் பெட்டிக்குள் பந்தை எடுக்க முயன்று கோல் வாய்ப்பைத் தடுத்தவருக்கு இப்போது மஞ்சள்தான், முன்பு சிவப்பு. அதனால் சிவப்போடு பெனால்டியும் சேர்ந்து வருவது குறைந்தது. பிரீமியர் லீக்கில் விஏஆர் (வீடியோ பார்த்து உதவும் நடுவர்) 2019–20இல் வந்தது. ஃபவுல் ஒரு நிமிடத்தில், அட்டை மூன்று நிமிடம் கழித்து என்று ஆனது அதற்குப் பிறகு. நிரந்தரமாக ஐந்து மாற்று ஆட்டக்காரர் 2022–23இலிருந்து. பத்துப் பேர் அணிக்குப் புதிய கால்கள் கிடைப்பது இதனால் கூடியது. 2023–24இலிருந்து கூடுதல் நேரத்தைத் தாராளமாகக் கொடுக்கிறார்கள், 45க்கு 55 என்ற பங்கீட்டை அந்தச் சீசன்களுக்குத் திரும்ப அளக்க வேண்டும்.

அட்டையோடு பெனால்டியும் கிடைத்த ஆட்டங்களைத் தனியே பிரித்து வையுங்கள். 2023 நவம்பரில் டொட்டன்ஹாமின் ரொமேரோ 33ஆம் நிமிடத்தில் வெளியேறிய உடனேயே செல்சி பெனால்டியில் சமன் செய்தது. அந்தக் கோல் பத்துப் பேர் ஆனதால் வந்ததல்ல. உங்கள் கணக்கு அட்டை நிமிடத்திலிருந்து எண்ணத் தொடங்கினால் அது பெருக்கியில் ஏறிவிடும். பெனால்டி அடித்து முடித்த பிறகிருந்து எண்ணுங்கள். அதே ஆட்டத்தில் 55ஆம் நிமிடத்தில் உடோகியும் போய் ஒன்பது பேரானார்கள், 4–1 என்று முடிந்தது. இரண்டாவது அட்டை விழுந்ததும் முதல் அட்டையின் கணக்கை அந்த நிமிடத்தோடு மூடிவிட வேண்டும்.

ஹட்டன்_மூடுபனி

எல்லாருக்கும் பெரிய நன்றி. கடைசியாக ஒன்று. மறுபக்கத்துக்கும் அட்டை விழுந்து பத்துக்குப் பத்து ஆகிவிட்டால், அதையும் அப்படியே மூடிவிடலாமா, இல்லை பெருக்கி இரண்டையும் ஒன்றோடொன்று பெருக்க வேண்டுமா? கோல் காப்பாளர் வெளியேறினால் அதற்கு வேறு கணக்கா?

தலவாக்கலை_லயம்4

மூடிடுங்க தம்பி. பத்துக்குப் பத்து ஆட்டத்தில் இடம் கூடுது, ரெண்டு பேர் வேகமும் மாறும். பெருக்கி ரெண்டையும் பெருக்கினா ஒன்னை ஒன்னு தின்னுட்டு ஏறக்குறைய பழைய எண்ணே வரும், அது உண்மையா என்று தனியாப் பார்க்கற அளவுக்கு ஆட்டங்கள் சேராது.

கோல் காப்பாளர் போனா வழக்கமா முன்வரிசைக்காரர் ஒருத்தரை எடுத்துட்டு மாற்றுக் காப்பாளரை இறக்குவாங்க. மைதானத்தில் பத்துதான், ஆனா ஒரு மாற்றும் செலவாகும். தனி நிரல் போட்டுக் குறிச்சு வைங்க, இப்போதைக்கு மற்றதோடயே சேர்த்து எண்ணுங்க. மாற்று எல்லாம் தீர்ந்து போய் வேற ஆள் கையுறை போட்ட ஆட்டம் ஏதாவது இருந்தா அதை மட்டும் வெளியே எடுத்துடுங்க.

பண்டாரவளை_5_30

இரண்டாவது மஞ்சள் பற்றி ஒரு வரி. ஃபுட்பால்-டேட்டா கோப்பில் இங்கிலாந்து, ஸ்கொட்லாந்து போட்டிகளுக்கு, இரண்டாவது மஞ்சளால் சிவப்பு வாங்கியவரின் முதல் மஞ்சளை மஞ்சள் நிரலில் எண்ணுவதில்லை. மற்ற ஐரோப்பிய லீக்குகளுக்கு எண்ணுகிறார்கள். மஞ்சள் எண்ணிக்கையை வைத்துச் சிவப்பை ஊகிக்கும் சூத்திரம் எழுதினால் லீக்குக்கு லீக் வேறு விடை வரும். சிவப்பு நிரலில் அந்தக் குழப்பம் இல்லை, அதை மட்டும் லைன்அப் கோப்போடு ஒப்பிட்டுப் பாருங்கள்.